ஸ்நூக்கரை வினாவிடைப் பலகையாட்டமாக வடிவமைத்தல்: வெள்ளைப் பந்து எங்கே நிற்க வேண்டும்?

கல்மண்டபம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ராயபுரத்தில் எங்கள் தெருப் படிப்பகத்தில் மாலை நேரங்களில் பள்ளிப் பிள்ளைகளும் ஓய்வுபெற்ற பெரியவர்களும் ஒரே மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். இருக்கும் ஒரே கேரம் போர்டில் நால்வர் ஆடும்போது மற்றவர்கள் வெறுமனே காத்திருக்க நேர்கிறது. அவர்களுக்காக, கியூ என்ற கோலால் வெள்ளைப் பந்தை அடித்து மற்றப் பந்துகளைப் பாக்கெட்டில் தள்ளும் மேசையாட்டமான ஸ்நூக்கரின் விதிகளைக் கொண்டு, கியூவுக்குப் பதிலாகப் பதிலால் பந்தைப் போடும் ஒரு வினாவிடைப் பலகையாட்டத்தை உருவாக்கி வருகிறேன்.

இப்போதுள்ள வரைவு இதுதான். 15 சிவப்புப் பந்துகளுக்குச் சிறிய பொது வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. சிவப்பைச் சரியாகச் சொன்னவர் ஒரு வண்ணப் பந்தைத் தேர்ந்தெடுக்கிறார். மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7 என்ற மதிப்புகள் மேசையில் உள்ளபடியே இருக்கும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பொருள்: மஞ்சளுக்குச் சமையல், பச்சைக்கு விளையாட்டு, பழுப்புக்கு வடசென்னை வரலாறு, நீலத்துக்குக் கடல், இளஞ்சிவப்புக்குத் திரையிசை, கறுப்புக்குத் தமிழ் இலக்கியம். மதிப்பு ஏற ஏற வினாவும் கடினமாகும். தவறாகச் சொன்னால் ஆட்டம் எதிராளிக்குப் போகும். சிவப்புகள் தீர்ந்தபின் மஞ்சளிலிருந்து கறுப்பு வரை வரிசையாகச் சொல்லி முடிக்க வேண்டும். எல்லாச் சிவப்பையும் கறுப்போடு சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் 15 முறை 8, அதோடு கடைசி ஆறு வண்ணங்களின் 27, ஆக 147.

இந்த வரைவு ஆடுவதற்குத் தாங்குமா, எத்தனை அட்டைகள் தேவைப்படும் என்ற இரண்டையும் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

வியாசை கேரம் எழுதியது:

அண்ணா, எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி. 1996 இல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம், வியாசர்பாடியிலிருந்து உலகச் சாம்பியனான இளவழகி, 2024 இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வென்ற காசிமா என்று நம் பக்கத்தின் பெருமை முழுவதும் கேரத்தில் இருக்கிறது. கேரத்தையே வினாவிடையாக்கினால் பிள்ளைகளுக்கு விதி சொல்லித்தர வேண்டிய வேலை இருக்காதே? ஸ்நூக்கர் மேசையை நேரில் பார்த்தவர்கள் நம் தெருக்களில் மிகச் சிலர்.

கல்மண்டபம் எழுதியது:

தம்பி, நானும் கேரத்தில்தான் தொடங்கினேன். அதில் காயை எந்த வரிசையிலும் போடலாம். வினாவிடைக்கு மாற்றினால் 9 வெள்ளை, 9 கறுப்பு, ஒரு ரெட் என்று 19 வினாக்கள் வந்து நிற்கின்றன, அவற்றுக்கிடையே தேர்வு செய்ய எதுவும் இருப்பதில்லை. ரெட்டைப் போட்டவுடன் ஃபாலோ, அதாவது அடுத்துத் தன் காய் ஒன்றை, போட வேண்டும் என்ற விதி மட்டுமே ஒரு சிறு பதற்றத்தைத் தருகிறது. அந்தப் பதற்றம் ஸ்நூக்கரில் ஆட்டம் முழுவதும் இருக்கிறது. ஒவ்வொரு சிவப்புக்கும் ஒரு வண்ணம் ஃபாலோ என்று சொன்னாலே நம் பிள்ளைகளுக்கு விளங்கிவிடுகிறது.

ஸ்நூக்கர் நமக்கு அயலானதும் அன்று. 1875 இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லைன் என்ற ராணுவ அதிகாரி இதைத் தொடங்கினார் என்பதும், 1882 இல் இதன் விதிகள் ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன என்பதும் ஆட்டத்தின் வரலாறு. விதிகள் முதலில் எழுதப்பட்ட இடம் நம் நீலகிரி. சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் 2025 இல் தோஹாவில் மகளிர் உலக ஸ்நூக்கர் பட்டம் வென்றார்.

பெரம்பூர் அச்சகம் எழுதியது:

அச்சுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அளவுகளைச் சொல்கிறேன். ஸ்நூக்கர் மேசையின் ஆடுபரப்பு 3569 மில்லிமீட்டர் நீளமும் 1778 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் 357க்கு 178, ஏ3 தாளில் ஓரம் விட்டு அமைகிறது, நடுவில் மடித்துப் பெட்டியிலும் வைக்கலாம். ஆனால் 52.5 மில்லிமீட்டர் பந்து அதே கணக்கில் 5 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும், அதைப் பெரியவர்களால் விரலில் எடுக்க இயலாது. பந்துகளை மட்டும் 15 மில்லிமீட்டர் வட்ட வில்லைகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை நான் வலியுறுத்திச் சொல்வேன். சிவப்பு, பழுப்பு, பச்சை ஆகிய மூன்றும் நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் பலருக்கு ஒன்றுபோலத் தெரியும். 2002 இல் உலகச் சாம்பியனான பீட்டர் எப்டனுக்கே இந்தக் குறைபாடு உண்டு. ஒவ்வொரு வில்லையிலும் அதன் மதிப்பு எண்ணைப் பெரிதாக அச்சிடாமல் இந்த ஆட்டத்தை வெளியிடக் கூடாது.

தண்டையார்பேட்டை கணக்கு டீச்சர் எழுதியது:

வரைவைப் படித்ததும் தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது. ஆட்டத்தின் உயிர் இந்த இடத்தில் இருப்பதால் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

சிவப்பு வினாவை 10க்கு 8 முறை சரியாகச் சொல்லக்கூடிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் எளிது என்பதால் அதை 10க்கு 9 முறையும், கறுப்பு கடினம் என்பதால் அதை 10க்கு 3 முறையும் சரியாகச் சொல்கிறார் என்றும், சிவப்புகள் தீராது என்றும் கொள்வோம். அவர் ஒவ்வொரு முறையும் மஞ்சளையே கேட்டால் ஒரு தொடரில், அதாவது முறை எதிராளிக்குப் போகும் வரை, அவருக்குச் சராசரியாக 8 புள்ளி கிடைக்கும். ஒவ்வொரு முறையும் கறுப்பைக் கேட்டால் 3.3 புள்ளிதான் கிடைக்கும். ஏனெனில் வண்ண வினாவைத் தவறவிடுபவர் அந்த வண்ணத்தின் புள்ளியோடு அதற்குப்பின் வரவிருந்த தொடர் முழுவதையும் இழக்கிறார். 7 என்ற மதிப்பு அந்த இழப்பை ஈடுகட்டப் போதவில்லை.

இதைப் பிள்ளைகள் இரண்டாவது ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லோரும் மஞ்சளையே கேட்பார்கள், சமையல் வினாக்கள் ஒரே வாரத்தில் தீரும், இலக்கிய அட்டைகள் பெட்டியைவிட்டு வெளியே வராது. கறுப்பின் மதிப்பை 22 ஆக உயர்த்தினால் கணக்கு சரியாகலாம், ஆனால் அதன்பின் அது ஸ்நூக்கராக இருக்காது.

நேரத்தையும் கவனியுங்கள். சிவப்புக்கு 10க்கு 8, வண்ணத்துக்கு 10க்கு 5 என்ற திறமைக்கு, 15 சிவப்பு கொண்ட ஒரு ஃபிரேம், அதாவது ஒரு முழு ஆட்டம், முடிய ஏறத்தாழ 46 வினாக்கள் ஆகும். 6 சிவப்பாகக் குறைத்தால் 26 வினாக்களில் முடியும். 6 சிவப்பு ஆட்டம் மேசையிலும் உண்டு, பாங்காக்கில் அதற்கென்றே போட்டி நடந்திருக்கிறது. அதில் மிக உயர்ந்த தொடர் 75. ஸ்நூக்கர் வீரர் ஓ'சல்லிவன் 1997 இல் 147 புள்ளிகளை ஐந்தரை நிமிடத்துக்குள் எடுத்தார், அரங்கமே கண்கொட்டாமல் பார்த்திருக்கும். அதே 36 பந்துகள் நம் பலகையில் 36 வினாக்கள். வினாவுக்கு ஒரு நிமிடம் என்றாலும் எதிரில் அமர்ந்திருக்கும் பிள்ளை அரைமணி நேரத்துக்கு மேல் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். 6 சிவப்பே நமக்குப் பொருத்தம்.

எண்ணூர் மார்க்கர் எழுதியது:

நான் நகரத்தின் ஒரு மனமகிழ் மன்றத்தில் பல ஆண்டுகள் மார்க்கராக வேலை பார்த்தவன். புள்ளிப் பலகையை நகர்த்துவது, பந்தை எடுத்து அதற்குரிய இடத்தில் வைப்பது, துணியைத் துலக்கி இஸ்திரி போடுவது ஆகியவை என் வேலைகள். டீச்சர் கணக்கில் கண்ட ஓட்டையை நான் மேசையைக் கொண்டு சொல்கிறேன்.

கறுப்புக்கு 7 புள்ளி என்பது அது போடக் கடினமான பந்து என்பதற்காக அன்று. கறுப்பு மேசையின் மேல் விளிம்புத் தடுப்பான மேல் குஷனிலிருந்து சுமார் 13 அங்குலத்தில், சிவப்புக் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. சிவப்பைப் போட்டுவிட்டு வெள்ளைப் பந்தை ஒரு சாண் நகர்த்தினால் கறுப்பு கைக்கு எட்டும். 2 புள்ளி மஞ்சளோ மேசையின் மறுகோடியில் குறுக்கே போட்டிருக்கும் பாக் கோட்டின்மேல் இருக்கிறது, சிவப்புகளின் அருகிலிருந்து அதைப் போடுவது பெரிய ஆட்டக்காரருக்கும் கடினம். ஆகவே எந்தப் பந்து எளிது, எது கடினம் என்பதைப் பந்தின் நிறம் தீர்மானிப்பதில்லை, வெள்ளைப் பந்து அப்போது நிற்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. மன்றத்துக்குப் புதிதாக வருபவர் பந்து விழுந்ததா என்று பார்ப்பார், பழகியவர் வெள்ளை எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பார். உங்கள் வரைவில் வெள்ளைப் பந்தே இல்லை. அதைப் பலகையில் வையுங்கள், மற்றவை தாமாக வரும்.

கொருக்குப்பேட்டை வாசகன் எழுதியது:

ஐயா சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் பதில் தெரியாமல் குருட்டாம்போக்கில் சொல்பவர்களைத் தடுக்க ஒரு வழி வேண்டுமல்லவா? ஒவ்வொரு தவறான பதிலுக்கும் எதிராளிக்கு 4 புள்ளி என்று வைத்துவிடலாம். ஸ்நூக்கரிலும் ஃபவுலுக்குக் குறைந்தது 4 புள்ளிதானே?

எண்ணூர் மார்க்கர் எழுதியது:

தம்பி, பந்தைக் குறிபார்த்து அடித்து அது பாக்கெட்டின் வாயில் நின்றுவிட்டால் அது ஃபவுல் அன்று. முறை போகும், அவ்வளவுதான். அடிக்க வேண்டிய பந்தை வெள்ளை தொடாமலே போனாலோ, வேறு பந்தை முதலில் தொட்டாலோ, வெள்ளையே பாக்கெட்டில் விழுந்தாலோ, இப்படிப்பட்ட பிழைகளுக்குத்தான் ஃபவுல். அதற்குக் குறைந்தது 4, சம்பந்தப்பட்ட பந்தைப் பொறுத்து 7 வரை. ஒவ்வொரு தவறுக்கும் தண்டம் வைத்தால் கூச்சமுள்ள பிள்ளை வாயைத் திறக்காது. அந்தப் பிள்ளைக்காகத்தானே இந்த ஆட்டத்தைச் செய்கிறோம்?

ஒருவர் ஸ்நூக்கர் செய்யப்பட்ட நிலையில், அதாவது நேராகப் பந்தைத் தொட வழியில்லாத நிலையில் இருக்கும்போது மட்டும் தவறுக்குத் தண்டம் வையுங்கள். புதிதாகச் சேர்ந்த ராணுவப் பயிற்சி மாணவரைக் குறித்த கொச்சைச் சொல்தான் இந்த ஆட்டத்துக்கே பெயராயிற்று. பிறகு அது மறைத்து வைக்கும் தந்திரத்துக்கும் பெயராகிவிட்டது.

தண்டையார்பேட்டை கணக்கு டீச்சர் எழுதியது:

ஐயா எழுதியதை நேற்றிரவு முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன். இன்று காலை பலகையை நீளவாக்கில் ஐந்து பட்டைகளாகப் பிரித்து வரைந்தேன். 357 மில்லிமீட்டரை ஐந்தால் வகுத்தால் 71 சொச்சம். பாக் கோடு அடிக் குஷனிலிருந்து 29 அங்குலம், நம் அளவில் 74 மில்லிமீட்டர். ஆகவே முதல் பட்டை ஏறத்தாழ பாக் கோட்டோடு முடிகிறது, மஞ்சளும் பச்சையும் பழுப்பும் அதற்கு உரியவை. நீலம் சரியாக மேசையின் நடுவில், மூன்றாம் பட்டையில். இளஞ்சிவப்பும் சிவப்புக் கூட்டமும் நான்காம் பட்டையில். கறுப்பு ஐந்தாம் பட்டையில். நாம் எதையும் இழுத்துப் பிடிக்காமலே மேசை ஐந்தாகப் பிரிந்துகொடுக்கிறது. கேரம் பலகையின் ஆடுபரப்பும் ஒரு பக்கம் 29 அங்குலம்தான் என்பதைக் கண்டபோது, வியாசர்பாடித் தம்பியை நினைத்துக்கொண்டேன்.

இனி விதி. வண்ணம் பொருளை மட்டும் தீர்மானிக்கும், கடினத்தை அன்று. ஒவ்வொரு அட்டையிலும் ஒரே விடைக்கு மூன்று குறிப்புகள் இருக்கும், முதலாவது மிகக் கடினம், மூன்றாவது மிக எளிது. வெள்ளைப் பந்து குறிவைக்கும் பந்தின் பட்டையிலோ அடுத்த பட்டையிலோ இருந்தால் மூன்று குறிப்புகளையும் கேட்கலாம். இரண்டு பட்டை தள்ளி இருந்தால் இரண்டு குறிப்புகள். அதற்கும் மேல் என்றால் ஒரே குறிப்பு.

முதல் குறிப்பிலேயே சரியாகச் சொன்னவர், விழுந்த பந்தின் பட்டையிலிருந்து இரண்டு பட்டை தொலைவுக்குள் வெள்ளையைத் தான் விரும்பிய இடத்தில் வைக்கலாம். இரண்டாம் குறிப்பில் சொன்னவர் ஒரு பட்டை நகர்த்தலாம். மூன்றாம் குறிப்பு வரை கேட்டவருக்குப் புள்ளி உண்டு, ஆனால் வெள்ளை விழுந்த பந்தின் பட்டையிலேயே நின்றுவிடும். இதனால் ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால் ஆட்டக்காரர் யோசிக்க வேண்டியிருக்கிறது: பந்து விழுந்தால் போதுமா, அடுத்த பந்துக்கு இடமும் வேண்டுமா?

தவறவிட்டால், எதிராளி அந்தப் பந்தின் பட்டையிலோ அதை ஒட்டிய பட்டையிலோ வெள்ளையை வைத்துத் தன் ஆட்டத்தைத் தொடங்குவார்.

கணக்கும் மாறுகிறது. அருகில் இருக்கும் கறுப்பை 10க்கு 8 முறையும், தொலைவில் இருக்கும் மஞ்சளை 10க்கு 5 முறையும் சொல்ல முடியும் என்று கொண்டால், கறுப்பின் வழியில் சராசரி 14.7, மஞ்சளின் வழியில் 2.7.

வியாசை கேரம் எழுதியது:

டீச்சர், அப்படியானால் இப்போது எல்லோரும் கறுப்பையே கேட்பார்களே? நான்காம் பட்டையில் சிவப்பு, ஐந்தில் கறுப்பு, மீண்டும் நான்கில் சிவப்பு. எந்நேரமும் மூன்று குறிப்புகளும் கிடைக்கும். முன்பு இலக்கியம் பெட்டிக்குள் இருந்தது, இனி மற்ற ஐந்து பொருள்களும் பெட்டிக்குள் போய்விடும்.

எண்ணூர் மார்க்கர் எழுதியது:

பையன் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறான். மேசையில் சிவப்புகள் கூட்டமாகவே நிற்பதில்லை, முதல் சில அடிகளில் சிதறிவிடுகின்றன. ஒன்று குஷனை ஒட்டிப் போகும், ஒன்று பாக் பக்கம் இறங்கும். அந்தச் சிதறலைப் பலகையில் கொண்டுவாருங்கள். தொடக்க அடிக்கென்று ஒரு சிவப்பு வினாவைப் புள்ளியில்லாமல் கேளுங்கள். சரியாகச் சொன்னால் தொடங்கியவரும், தவறினால் எதிராளியும், 6 சிவப்பில் மூன்றை எடுத்து 1, 2, 3 ஆம் பட்டைகளில் ஒவ்வொன்றாக வைக்கட்டும். இரண்டாம் பட்டையில் ஒரு சிவப்பைப் போட்டுவிட்டு வெள்ளை அங்கேயே நின்றால் கறுப்பு மூன்று பட்டை தள்ளி, ஒரே குறிப்பு. நீலம் பக்கத்திலேயே இருக்கிறது. எந்த ஆட்டக்காரனும் அந்த இடத்தில் நீலத்தைத்தான் எடுப்பான்.

கடைசிச் சிவப்போடு வரும் வண்ணத்தில் இன்னும் அழகு இருக்கிறது. 7 புள்ளிக்கு ஆசைப்பட்டு அங்கே கறுப்பை எடுத்தவர், அதையும் மூன்றாம் குறிப்பில் சொல்லியிருந்தால், வெள்ளை ஐந்தாம் பட்டையில் நிற்க, அடுத்துப் போட வேண்டிய மஞ்சள் முதல் பட்டையில் இருக்கும். ஒரே குறிப்பில் சொல்லியாக வேண்டும். மேசையிலும் அப்படியேதான். கடைசிச் சிவப்புக்கு முன்பே மஞ்சளைப் பற்றி யோசிக்காதவர்கள் அங்கே நின்றுபோவதை நான் பல நூறு முறை பார்த்திருக்கிறேன்.

சேஃப்டிக்கும், அதாவது புள்ளிக்கு முயலாமல் எதிராளிக்குக் கடினமான இடத்தில் வெள்ளையை விட்டுவைப்பதற்கும், ஒரு வழி சொல்கிறேன். தொடர முடியாது என்று கருதுபவர் முன்கூட்டியே அறிவித்துவிட்டு ஒரு சிவப்பு வினாவை முதல் குறிப்பில் மட்டும் சொல்ல வேண்டும். சரியானால் புள்ளி இல்லை, சிவப்பும் பலகையிலேயே இருக்கும், ஆனால் வெள்ளையைப் பலகையில் எங்கும் வைக்கலாம், எதிராளி ஸ்நூக்கர் நிலையில் இருப்பார். அவருக்கு எந்தப் பந்துக்கும் ஒரே குறிப்பு. அதைத் தவறவிட்டால் அப்போது மட்டும் 4 புள்ளி, நீலமோ அதற்கு மேலோ என்றால் அந்தப் பந்தின் மதிப்பு.

பெரம்பூர் அச்சகம் எழுதியது:

அட்டைக் கணக்கு: 63க்கு 88 மில்லிமீட்டர் அட்டை, 12க்கு 18 அங்குலத் தாளில் வெட்டுக்கு இடம் விட்டு 18 அமைகிறது. சிவப்புக்கு 90, ஆறு வண்ணங்களுக்குத் தலா 21 என்றால் 216 அட்டைகள், சரியாக 12 தாள்கள், ஒரு துண்டும் வீணாகாது. மூன்று குறிப்புகளைப் பெரியவர்கள் படிக்கும் அளவில் அச்சிட வேண்டும் என்பதால் ஒரு குறிப்பு 12 சொற்களைத் தாண்டக் கூடாது.

கல்மண்டபம் எழுதியது:

மூன்று குறிப்பு அட்டையை எழுதிப் பார்த்தபோதுதான் வினா எழுதுவது எவ்வளவு கடினம் என்று தெரிந்தது. பழுப்புக்கு நான் எழுதிய முதல் அட்டை இது. முதல் குறிப்பு: "1856 இல் வாலாஜா ரோட்டுக்கு என்னிடமிருந்து புறப்பட்டார்கள்." இரண்டாவது: "தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை என்னிடத்தில் தொடங்கியது." மூன்றாவது: "காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய ரயில் நிலையம் நான்." மூன்றுக்கும் விடை ராயபுரம் ரயில் நிலையம். முதல் குறிப்பிலேயே விடை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அது இரண்டு விடைகளுக்குப் பொருந்தினால் பலகையில் சண்டை வரும்.

இன்னொரு அட்டையைக் கிழித்துப் போட்டேன். பக்கிங்காம் கர்நாடிக் மில்லைப் பற்றி எழுதியபோது, 1996 இல் மூடப்பட்டது என்பதை முதல் குறிப்பாக வைத்திருந்தேன். அந்த மில்லில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எங்கள் படிப்பகத்துக்கு வருகிறார், அவர் முகம் நினைவுக்கு வந்தது. 1918 இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அங்குள்ள தொழிலாளர்களைக் கொண்டு உருவானது என்று மாற்றி எழுதிவிட்டேன்.

நீலத்துக்கான 21 அட்டைகளை நானே எழுதக் கூடாது என்றும் முடிவு செய்திருக்கிறேன். வலையும் மீனும் காற்றும் பற்றிய சொற்களைக் காசிமேட்டில் கேட்டுத்தான் எழுத வேண்டும். புத்தகத்தில் ஒரு பெயரும் கடற்கரையில் வேறு பெயரும் வழங்கும் மீன்களுக்கு இரண்டு பெயர்களையும் விடையாக அச்சிட வேண்டும்.

தண்டையார்பேட்டை கணக்கு டீச்சர் எழுதியது:

படிக்கத் தெரியாத பாட்டிமார்களும் ஆட வேண்டும் என்றால், அட்டையை எப்போதும் எதிரணியில் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும் என்பதை விதியாகவே எழுதிவிடுங்கள். மேசையில் நடுவர் மதிப்பை அறிவிப்பதுபோல, ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு தொடரின் மொத்தத்தையும் அவரே சொல்லட்டும். ஒன்று, எட்டு, ஒன்பது, பதினான்கு என்று கூட்டிக்கொண்டே போவதில் சிறு பிள்ளைகளுக்குக் கணக்கும் பழகும்.

கல்மண்டபம் எழுதியது:

நேற்று மாலை வெள்ளைத் தாளில் கோடு போட்டு, கேரம் காய்களையே பந்துகளாக வைத்து, இருவர் இருவராக இரண்டு அணிகள் ஆடிப் பார்த்தோம். ஒரு ஃபிரேம் முடிய 40 நிமிடம் ஆயிற்று, வெள்ளையை எங்கே வைப்பது என்ற விவாதமே அதில் பாதி. ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவி, நீலத்தின் முதல் குறிப்பிலேயே விடை தெரிந்தும், வெள்ளையை எங்கே வைக்கலாம் என்று தன் தாத்தாவிடம் கேட்டுவிட்டுத்தான் பதில் சொன்னாள். எண்ணூர் ஐயா அதைக் கண்டால் மகிழ்ந்திருப்பார்.

ஒரு சிக்கல் மட்டும் எழுந்தது. கறுப்பும் விழுந்தபின் இரு அணிகளும் 31 புள்ளியில் சமமாக நின்றன. விதியில் அதற்கு வழி எழுதவில்லை.

எண்ணூர் மார்க்கர் எழுதியது:

கறுப்பை மீண்டும் அதன் புள்ளியில் வைத்து, நாணயத்தைச் சுண்டி, வென்றவர் யார் முதலில் ஆடுவது என்று முடிவு செய்வார். வெள்ளையைப் பாக் கோட்டின் அரைவட்டத்துக்குள் வைத்து ஆட வேண்டும். உங்கள் பலகையில் அது முதல் பட்டை, கறுப்பு ஐந்தில், ஆகவே ஒரே குறிப்பு. யாராவது ஒருவர் சொல்லும் வரையிலோ, யாராவது ஃபவுல் செய்யும் வரையிலோ மாறி மாறி ஆட வேண்டும்.

கல்மண்டபம் எழுதியது:

அப்படியே எழுதிக்கொண்டேன், ஐயா. அதற்கென்று கறுப்பில் மூன்று அட்டைகளைத் தனியாக ஒதுக்கி வைக்கிறேன். அடுத்த சனிக்கிழமை மாலை 5 மணிக்கு இரண்டாவது சோதனை ஆட்டம். டீச்சர், பட்டைகள் வரைந்த தாளை மறவாமல் எடுத்து வாருங்கள்.